4எஸ் மோனோ படகுக்கு ப்ராப் 40ஆ 42ஆ? எந்த அளவுக்கு ராவலாம், எங்கே வெட்டலாம்?

அலைவெட்டி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 70 செ.மீ. நீள ஃபைபர் மோனோ, அதாவது ஒற்றை உடல் உள்ள ரிமோட் படகு. 3660 மோட்டார், 2070 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் அத்தனை சுற்று), தண்ணீரில் குளிரும் 120 ஆம்ப் இஎஸ்சி (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), 4எஸ் 5000 லிப்போ (நான்கு செல் பேட்டரி). படகோடு வந்த 40 மி.மீ. பிளாஸ்டிக் ப்ராப்பில் (உந்து விசிறி) ஜிபிஎஸ் 58 கி.மீ. காட்டுகிறது. கரைக்குக் கொண்டுவந்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புதான், அதனால் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆக்டுரா கம்பெனியின் செம்பு ப்ராப் எக்ஸ்440, எக்ஸ்442 இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை. இரண்டும் வார்ப்பிலிருந்து எடுத்த கையோடு வந்திருக்கின்றன. விளிம்பெல்லாம் மொண்ணை, மேலே அச்சின் கோடுகூடத் தெரிகிறது. வீடியோக்களைப் பார்த்தால் ஒருவர் இறக்கையின் அடிப்பக்கத்தை வெட்டி எறிகிறார், இன்னொருவர் பின்விளிம்பை ராவுகிறார், மற்றொருவர் விளிம்பை வளைத்து கப் வைக்கிறார். எது எதற்கு என்று யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை.

எனக்குத் தெரியவேண்டியது: முதலில் எதை மாட்டுவது? எந்தப் பக்கத்தை ராவுவது, எவ்வளவு? வெட்டுவது என் படகுக்குத் தேவைதானா? இன்னொன்று, முழு த்ராட்டிலில் மூக்கு வலப்பக்கம் இழுக்கிறது. சின்ன அலை இருந்தால் படகு இடமும் வலமுமாக ஆடவும் செய்கிறது. இதற்கும் ப்ராப்தான் காரணமா?

செம்புஇறக்கை:

தம்பி, அரத்தை எடுப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ப்ராப்கள் பெரிலியம் கலந்த செம்பு. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் பெரிலியம் நோய் வரலாம், வருடங்கள் கழித்துத்தான் தலைகாட்டும், முழுக்கக் குணமாகாது. அதனால் உலர்ந்த நிலையில் ராவவே கூடாது, சுழலும் கருவியைக் கொண்டு தேய்க்கக் கூடாது. ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, ப்ராப்பை தண்ணீருக்குள் பிடித்து, வாட்டர் பேப்பரால் கையால் தேயுங்கள். முகத்துக்கு என்95 அல்லது அதற்கு மேலான மாஸ்க். துணி மாஸ்க் போதாது. வேலை முடிந்ததும் சேற்றை ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள், காயவிட்டுப் பெருக்கக் கூடாது. குழந்தைகள் புழங்கும் இடத்திலோ சமையலறையிலோ வேண்டவே வேண்டாம்.

இப்போது அளவுக்கு வருவோம். எக்ஸ்440 என்பதில் 40 என்பது மி.மீ. விட்டம், முதலில் உள்ள 4 என்பது 1.4 பிட்ச் விகிதம். அதாவது ஒரு சுற்றுக்கு ஏட்டளவில் 40 × 1.4 = 56 மி.மீ. முன்னால் போகும். 442 என்றால் 58.8 மி.மீ. எக்ஸ்642 என்று பார்த்தீர்களானால் அதே 42 மி.மீ. விட்டம்தான், ஆனால் விகிதம் 1.6. உங்கள் மோட்டார் 14.8 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 30,600 சுற்று வரும். அதை 56 மி.மீ.யால் பெருக்கினால் மணிக்கு ஏறத்தாழ 103 கி.மீ. யாருக்கும் அது கிடைக்காது. சுமையில் சுற்று குறையும், பாதி ப்ராப் தண்ணீருக்கு மேலே ஓடுவதால் நழுவலும் உண்டு. இந்த மாதிரி மோனோவில் ஏட்டு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் அமைப்பு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 440-இல் 65 முதல் 70 வரை எதிர்பாருங்கள்.

442-இல் ஏட்டுக் கணக்கு 108 வரும். வெறும் 5 கி.மீ. வித்தியாசம்தானே, போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் சுமை அப்படி ஏறாது. அதே சுற்றில் ப்ராப் இழுக்கும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடு ஏறுகிறது. 40-இலிருந்து 42 என்பது 5 சதவீதம் பெரிது, சுமையோ ஏறத்தாழ 28 சதவீதம் கூடுதல். 45 மி.மீ. போட்டால் 80 சதவீதம். பாதி மூழ்கி ஓடும் ப்ராப்பில் இது அச்சு அசலாக அப்படியே வராது, சுமை ஏற ஏற சுற்றும் கொஞ்சம் இறங்கும் என்றாலும், திசை தப்பாது. சுற்றுக்கு மூன்றாம் அடுக்கு. ஒரே ப்ராப்பை வைத்துக்கொண்டு 3எஸ்-இலிருந்து 4எஸ்-க்குப் போனால் சக்தி 2.4 மடங்கு கேட்கும். இஎஸ்சி புகைந்து போகும் கதைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

அதனால் முதலில் 440. வெட்டாமல், கூராக்கி, சமன் செய்து மாட்டுங்கள்.

ராவும் முறை: ப்ராப்பின் பின்பக்கம், அதாவது படகின் பின்னாலிருந்து பார்த்தால் தெரிகிற குழிவான முகம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. அதைத் தொடாதீர்கள். வார்ப்புக் கோடும் மேடுபள்ளமும் இருந்தால் 600 பேப்பரால் வழவழப்பாக்கினால் போதும், வடிவத்தை மாற்றக் கூடாது. முன்பக்கம், படகைப் பார்க்கும் குவிந்த முகம், அங்கேதான் உலோகத்தை எடுக்கவேண்டும். முன்விளிம்பிலிருந்து 5, 6 மி.மீ. அகலத்துக்கு மெல்ல சரிவாக வரட்டும். 220-இல் தொடங்கி 400, 600, 1000 என்று போகலாம். முன்விளிம்பு நகத்தில் வைத்து இழுத்தால் லேசாகச் சீவ வேண்டும், அவ்வளவு கூர்மை. பின்விளிம்பு வேறு விஷயம். அதைக் கத்தி மாதிரி ஆக்கக் கூடாது, உருட்டியும் விடக் கூடாது. தண்ணீர் அங்கிருந்து சட்டென்று பிரிந்து போகவேண்டும், அதற்கு மூலை கூராக, நேர்வெட்டாக இருக்கவேண்டும். நிறையப் பேர் மெருகு ஏற்றும் ஆர்வத்தில் இந்த மூலையைத்தான் உருட்டிவிடுகிறார்கள்.

இரண்டு இறக்கையையும் மாறி மாறி, ஒன்றில் பத்து இழுப்பு என்றால் அடுத்ததிலும் பத்து என்று தேய்த்துக்கொண்டே வாருங்கள். ஒன்றை முழுக்க முடித்துவிட்டு மற்றதைத் தொட்டால் இரண்டும் ஒன்றாக வராது.

லேத்பட்டறை:

நான் மாற்றிச் சொல்கிறேன். வாரக்கடைசியில் ஏரியில் ஓட்டுகிற படகுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. சிஎன்சியில் வெட்டிய அலுமினியம் ப்ராப் 40 மி.மீ. 1.4 விகிதத்திலேயே கிடைக்கிறது, ஆக்டுராவைவிட மலிவு, விளிம்பு ஏற்கெனவே மெல்லிசு, சமனும் அநேகமாகச் சரியாகவே இருக்கும். பெரிலியத் தூள் பயமும் இல்லை. பிளாஸ்டிக்கிலிருந்து அதற்கு மாறினாலே வேகம் ஏறும், ஏனென்றால் பிளாஸ்டிக் இறக்கை அந்தச் சுற்றில் வளைந்து பிட்சை இழந்துவிடுகிறது.

குறை என்னவென்றால் அலுமினியம் மென்மை. ஒரு குச்சியில் இடித்தாலே விளிம்பில் பல் விழும். உப்புத் தண்ணீரில் ஓட்டிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவாமல் வைத்தால் அரித்துவிடும். வளைத்து கப் வைக்கவும் சரிப்படாது, வெடித்துப் போகும். போட்டிக்குப் போகிறவர்கள் செம்பையே தேடுவதற்கு இதெல்லாம் காரணம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழகுகிற கைக்கு முதலில் அலுமினியம், அதில் அமைப்பைச் சரிசெய்துகொண்டு அப்புறம் செம்பு என்பதுதான் என் கருத்து.

இரண்டுக்கும் பொதுவாக, சமன் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். ஒரு இறக்கையில் பத்தில் ஒரு கிராம் கூடுதலாக, மையத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி இருந்தால், நிமிடத்துக்கு 25,000 சுற்றில் அது ஷாஃப்டை ஒரு கிலோ எடைக்கு நிகராக வெளியே இழுக்கிறது, அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி. ஸ்ட்ரட்டில் (படகின் பின்னால் ஷாஃப்டைத் தாங்கும் கை) இருக்கும் புஷ் அதைத் தாங்காது. புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடத் தொடங்கினால் எந்த ப்ராப் போட்டும் பயனில்லை. காந்த முனைகளில் தொங்கவிடும் பேலன்ஸர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் துளைக்குச் சரியான நேர்க் கம்பியில் ப்ராப்பை மாட்டி, மட்டம் பார்த்த இரண்டு கத்தி விளிம்புகளின்மேல் உருளவிட்டாலே கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். கனமான இறக்கையின் குவிந்த முகத்தில், நுனியை ஒட்டி எடுங்கள். இறக்கைகள் படுக்கை நிலையில் சரியாக நின்றும், செங்குத்தாக நிறுத்தினால் ஒரு பக்கம் சாய்கிறது என்றால் குறை ஹப்பில், அதாவது இறக்கைகள் சேரும் நடுப்பகுதியில். அங்கே கொஞ்சம் ராவவேண்டும், இறக்கையைத் தொடக் கூடாது.

துளையையும் பாருங்கள். இந்த அளவு ப்ராப்கள் பெரும்பாலும் 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ. உங்கள் ஷாஃப்ட் 4 மி.மீ.யா, 4.76-ஆ, 5-ஆ என்று வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். 4 மி.மீ. ஷாஃப்டில் 4.76 துளையை நட்டு போட்டு இறுக்கிவிட்டால் நிற்கும், ஆனால் மையம் தள்ளிப்போய்விடும், நீங்கள் பார்த்த சமன் அத்தனையும் வீண். அதற்கென்றே இருக்கும் மெல்லிய பித்தளைக் குழாய்த் துண்டைப் போடுங்கள்.

ஏரிக்கரை:

மூக்கு வலப்பக்கம் இழுப்பதற்கும் ஆட்டத்துக்கும் வருகிறேன், மேலே யாரும் தொடவில்லை.

நம் படகுகளில் வழக்கமான ப்ராப் பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. தண்ணீரில் இருப்பது அதன் கீழ்ப்பாதி மட்டும். அந்தப் பாதி இடமிருந்து வலமாக வீசிப்போகிறது, தண்ணீரை வலப்பக்கம் தள்ளுகிறது, அதனால் படகின் பின்பக்கம் இடப்பக்கம் போய், மூக்கு வலப்பக்கம் திரும்புகிறது. முழுக்க மூழ்கிய ப்ராப்பாக இருந்தால் மேல்பாதி எதிர்ப்பக்கம் தள்ளி இதைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். நமக்கு அந்த வசதி இல்லை. அதோடு மோட்டாரின் எதிர்முறுக்கு ஹல்லின் (படகின் உடல்) வலப்பக்கத்தைக் கீழே அமுக்கும். பந்தயத் தடத்தில் எல்லோரும் வலப்பக்கமாகவே திரும்பி ஓட்டுவதும் இதை ஒட்டித்தான். ஆக கொஞ்சம் இழுப்பது இயல்பு, சுக்கான் ட்ரிம்மில் ஒன்றிரண்டு புள்ளி கொடுத்து நேராக்கலாம். கொஞ்சமல்ல, நிறைய இழுக்கிறது என்றால் ப்ராப் ஆழமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்ட்ரட்டைப் பாருங்கள். படகை ஒரு சமமான மேசைமேல் வைத்து, நேர்க்கோல் ஒன்றை ஹல்லின் அடி முனைக்கோட்டோடு ஒட்டிப் பின்னால் நீட்டிப் பிடியுங்கள். ஷாஃப்டின் மையம் அந்தக் கோட்டை ஒட்டி இருக்கவேண்டும், அங்கிருந்து அரை மி.மீ., ஒரு மி.மீ. என்று ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். ஷாஃப்ட் கோட்டுக்கு இணையாக இருக்கட்டும். ப்ராப் பக்கம் தாழ்ந்தால் உந்துவிசை படகின் பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை அமுக்கும். ப்ராப் பக்கம் உயர்ந்தால் மூக்கு தூக்கும், ஒரு கோணத்துக்கு மேல் காற்றுக்குள் போய்க் கவிழ்ந்துவிடும்.

இடவலமாக ஆடுவது மோனோவுக்கே உரிய நோய். அதிவேகத்தில் ஹல்லின் வெறும் முனைக்கோடு மட்டும் தண்ணீரில் நிற்கும்போது, ஒரு பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கத்துச் சரிவு தண்ணீரில் பட்டுத் தள்ள, மறுபக்கம் சாயும். ட்ரிம் டேப் (பின்சுவரின் அடியில் இருக்கும் சிறு தகடு) இரண்டும் ஹல்லின் அடியோடு ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று நேர்க்கோல் வைத்துப் பாருங்கள், ஒன்று ஒரு தாள் அளவு மேலே போயிருந்தாலும் இது வரும். எடையின் மையம் பின்சுவரிலிருந்து ஹல் நீளத்தில் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், உங்கள் படகுக்கு 21 செ.மீ. அதற்குப் பின்னால் இருந்தால் பேட்டரியை முன்னால் தள்ளுங்கள்.

அடிப்பக்கத்தை வெட்டுவது பற்றி. இறக்கை ஹப்போடு சேரும் இடத்தில், பின்பக்கமாக நாக்கு மாதிரி ஒரு பகுதி நீண்டிருக்கும். அங்கே சுற்றுவேகம் குறைவு, அதனால் அந்தப் பகுதி தள்ளுவது கொஞ்சம்தான், ஆனால் தண்ணீரை அடித்து சுமை ஏற்றுவதிலும் பக்கவாட்டில் இழுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. அதை எடுத்தால் ஆம்ப் குறையும், இழுப்பு குறையும், பின்பக்கத்தைத் தூக்குவதும் குறையும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது பிடிப்பும் கொஞ்சம் போகும். உங்களைப் போன்ற மோனோவுக்கு அந்தப் பிடிப்பு வேண்டும், ஹல் எடை அதிகம். எனவே ஸ்ட்ரட்டும் டேப்பும் சரியான பிறகு, ஆம்ப் எவ்வளவு என்று தெரிந்த பிறகு, அப்போதுதான் அந்தப் பேச்சு.

கப் இப்போதைக்கு வேண்டாம். பின்விளிம்பை அரை மி.மீ. உள்ளே வளைத்தாலே பிட்ச் கூட்டிய மாதிரி சுமை ஏறும், தூக்கலும் ஏறும். இரண்டு இறக்கையிலும் ஒரே மாதிரி வளைப்பது பழக்கமில்லாத கைக்கு வராது.

அலைவெட்டி:

ஏரிக்கரை அக்கா சொன்னபடி நேர்க்கோல் வைத்துப் பார்த்தேன், வலப்பக்க டேப் ஒரு மி.மீ. அளவுக்கு மேலே ஏறியிருந்தது. இறக்கினேன், பேட்டரியையும் முன்னால் தள்ளினேன். ஆட்டம் ஏறக்குறைய போய்விட்டது! இழுப்பும் குறைந்திருக்கிறது.

440-ஐத் தண்ணீருக்குள் பிடித்து ராவி, கம்பியில் உருட்டிச் சமன் பார்த்து மாட்டினேன். துளை 4.76, ஷாஃப்டும் 4.76, நல்லவேளை. ஜிபிஎஸ் 67 காட்டியது. என்னிடம் டேட்டா லாக்கர் இல்லை. கரைக்கு வந்ததும் மோட்டார் 58 டிகிரி, இஎஸ்சி 46, பேட்டரி 44. இது நல்லதா? இனி 442 போடலாமா? ஆம்பை எப்படித் தெரிந்துகொள்வது?

செம்புஇறக்கை:

67 என்பது 103-இல் 65 சதவீதம். ப்ராப் தன் வேலையைச் செய்கிறது தம்பி.

லாக்கர் இல்லாமலே சராசரி ஆம்பைக் கண்டுபிடிக்கலாம். பேட்டரியை முழுக்க ஏற்றி, பெரும்பாலும் முழு த்ராட்டிலில், நேரம் பார்த்து ஓட்டுங்கள். கரைக்கு வந்து சார்ஜ் போட்டால் சார்ஜர் எத்தனை மில்லிஆம்ப்-மணி திரும்ப ஏற்றியது என்று காட்டும். அந்த எண்ணை 0.06-ஆல் பெருக்கி, ஓட்டிய நிமிடத்தால் வகுங்கள். 3 நிமிடம் ஓட்டி 3000 திரும்ப ஏறியது என்றால் 180 வகுத்தல் 3, ஆக 60 ஆம்ப். இது சராசரி மட்டுமே. நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நொடியிலும் இறுக்கமான திருப்பத்திலும் இதைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்குகூட போகும். அதனால் 120 ஆம்ப் என்று எழுதியிருக்கும் இஎஸ்சியில் சராசரி 60-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வது என் பழக்கம். பேட்டரியில் 20 சதவீதத்தை மிச்சம் வைத்துக் கரைக்கு வாருங்கள், 5000-இல் 4000-க்கு மேல் எடுக்கக் கூடாது.

மோட்டார் 58 என்றால் பரவாயில்லை, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அது வெளி உறையின் சூடு. உள்ளே சுருளும் காந்தமும் அதைவிடச் சூடாக இருக்கும். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தை இழக்கத் தொடங்கும், ஆறிய பிறகும் அது முழுதாகத் திரும்பாது. உயர்வெப்ப ரகங்கள் 150 வரைகூடத் தாங்கும், ஆனால் உங்கள் மோட்டாரில் எந்த ரகம் என்று பெட்டியில் எழுதியிருக்க மாட்டார்கள். வெளியே 65-ஐத் தாண்டவிடாதீர்கள்.

442 கணக்கு: சராசரி 60 வந்தது என்று வைத்தால், 28 சதவீதம் கூட்டி 76 அல்லது 77. கிடைப்பது 3 கி.மீ. போல. எனக்கு அது கட்டுப்படியாகிற பேரமாகத் தெரியவில்லை. போட்டே ஆகவேண்டுமென்றால் 442-இன் நாக்கை எடுத்துவிட்டுப் போடுங்கள், 440-க்கும் 442-க்கும் நடுவில் சுமை வந்து நிற்கும்.

வெட்டும் முறை இது. ஒரு குளிர்பானக் கேனைக் கத்தரித்துத் தகடாக்கி, இறக்கையின் பின்முகத்தில் ஒட்ட அழுத்தி, ஹப் ஓரத்திலிருந்து பின்விளிம்புக்கு மெல்லிய வளைவாக ஒரு கோடு வரைந்து, அந்தத் தகட்டை அந்தக் கோட்டில் கத்தரியுங்கள். அதுவே அச்சு. அதே தகட்டை இரண்டு இறக்கையிலும் வைத்து அழியாத மார்க்கரால் கோடு போடுங்கள். கண்ணால் பார்த்துக் கோடு போட்டால் இரண்டும் ஒன்றாக வராது. வெட்டுவதற்குச் சுழலும் தட்டு வேண்டாம், தூள் அறை முழுக்கப் பறக்கும். நகை வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் மெல்லிய இழை ரம்பம், தண்ணீர் சொட்டச் சொட்ட, கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே. மிச்சத்தை ஈர அரத்தால் கோடு வரை ராவுங்கள். முதல் தடவை பாதி நாக்கை மட்டும் எடுத்து ஓட்டிப் பாருங்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்டமுடியாது. ஹப்பை ஒட்டிய மூலையில் கூரான வெட்டு விடக் கூடாது, சிறு உருளை அரத்தால் வளைவாக முடிக்கவேண்டும், இல்லையென்றால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பிசிறு எடுத்துவிட்டு மறுபடி சமன்.

மோனோபிரியன்:

442-ஐ வெட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. மோனோவுக்குக் கிளம்பும்போது பிடிப்பு தேவை என்று ஏரிக்கரை அக்காவே சொல்லியிருக்கிறார். நாக்கை எடுத்தால் அதைத்தான் இழக்கிறோம். சுமையைக் குறைக்கத்தான் வேண்டுமென்றால் விட்டத்தைக் குறையுங்கள். 442-ஐ 41-ஆகச் சுருக்கினால் கணக்குப்படி 11 சதவீதம் இறங்குகிறது, இறக்கையின் அடி அப்படியே இருக்கும். நுனியின் வட்டத்தை அப்படியே பின்பற்றி அரை மி.மீ. எடுக்கவேண்டும், தட்டையாக வெட்டிவிடக் கூடாது. ஷாஃப்ட் கம்பியில் மாட்டி, பக்கத்தில் ஒரு கட்டையை அசையாமல் நிறுத்தி, இரண்டு நுனியும் கட்டையை ஒரே இடைவெளியில் கடக்கின்றனவா என்று காகிதத்தைச் செருகிப் பார்க்கலாம்.

வேகம் மட்டுமே குறி என்றால் வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1/16 மைல், அதாவது 330 அடி நேர்கோட்டு ஓட்டம் ஓடுகிறவர்கள் 1.6 விகிதத்துக்கும் மேலே போகிறார்கள். ஆனால் அவர்கள் ஓடுவது சில நொடிகள்தான், உடனே த்ராட்டிலை விட்டுவிடுகிறார்கள். அதே ப்ராப்பை வைத்து ஏரியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கிருந்து வரும் ப்ராப் பரிந்துரைகளைப் படிக்கும்போது எந்த ஓட்டத்துக்குச் சொன்னது என்று முதலில் பாருங்கள்.

தண்ணீரின் சூட்டையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் மலேசியாவில் இருக்கிறேன். இங்கே மதியத்தில் குளத்துத் தண்ணீர் 30 டிகிரி இருக்கும். ஜெர்மனியில் வசந்த காலத்தில் 15 டிகிரித் தண்ணீரில் ஓட்டி மோட்டார் 50 என்று எழுதுகிறவரின் ப்ராப்பை நான் அப்படியே போட்டால், என் மோட்டார் 65-ஐத் தொடும். குளிரூட்ட உள்ளே போகும் தண்ணீரே 15 டிகிரி கூடுதல் சூட்டில் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஓட்டுகிறவர்களுக்கும் இதேதான். அங்கே 442 என்று எழுதியிருந்தால் நாம் 440-இல் தொடங்குவது நல்லது.

பாசியும் ஆகாயத்தாமரையும் உள்ள குளத்தில் பெரிய ப்ராப் போடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தண்டு சுற்றிக்கொண்டு ப்ராப் நின்றுவிட்டால், த்ராட்டிலை விடுவதற்குள் இஎஸ்சி போய்விடும். படகு சட்டென்று மெதுவானால் விரலை உடனே எடுத்துவிடப் பழகுங்கள்.

லேத்பட்டறை:

விட்டத்தைக் குறைப்பது என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, நாக்கை எடுப்பதைவிட இரண்டு பக்கமும் ஒன்றாக வரவைப்பது சுலபம். ஆனால் நுனியிலிருந்து எடுக்கும்போது அரை மி.மீ. ஒரு பக்கம் தவறினாலும் சமன் பெரிய அளவில் போகும், மையத்திலிருந்து தூரம் அதிகம் என்பதால். பொறுமை வேண்டும்.

கூராக்கிய ப்ராப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 42 மி.மீ. ப்ராப் 30,000 சுற்றில் ஓடினால் நுனி நொடிக்கு 66 மீட்டர், மணிக்கு 237 கி.மீ. வேகத்தில் போகிறது. கரையில் வைத்து, சத்தம் கேட்பதற்காக முழு த்ராட்டில் கொடுக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சுமையில்லாமல் அந்தச் சுற்றில் ஒரு இறக்கை பிய்ந்தால் எதிரே நிற்பவருக்கு ஒதுங்க நேரமே இருக்காது. பேட்டரி இணைப்பைக் கடைசியில் கொடுங்கள், கரைக்கு வந்ததும் முதலில் அதைக் கழற்றுங்கள். ட்ரான்ஸ்மிட்டர் எப்போதும் முன்னாலேயே ஆன் ஆகியிருக்கட்டும்.

அலைவெட்டி:

இன்று 3 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓட்டி, சார்ஜர் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டேன், 61 ஆம்ப் வருகிறது. அப்படியானால் 442-ஐ இப்போதைக்குப் பெட்டியிலேயே வைக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். ப்ராப்புக்கு முன்னால், அதை ஷாஃப்டோடு சேர்த்துச் சுழற்றும் டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கிறது. அது அப்படித்தான் இருக்கவேண்டுமா?

ஏரிக்கரை:

இல்லை தம்பி, அதை உடனே சரிசெய்யுங்கள். ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் என்பது முறுக்கிய கம்பிகள், சுமையில் மேலும் இறுகும்போது நீளம் குறைகிறது. இடைவெளி இல்லாவிட்டால் டிரைவ் டாக் ஸ்ட்ரட்டைப் போய் அழுத்தி பிரேக் போட்டமாதிரி உரசும், ஆம்பும் ஏறும், புஷ்ஷும் தேயும். உங்கள் 61-இலேயே ஒரு பங்கு அதனால் வந்திருக்கலாம். மோட்டார் பக்கக் கப்ளரைத் தளர்த்தி, டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் 5, 6 மி.மீ. விட்டு மறுபடி இறுக்குங்கள். ஷாஃப்டை முழுக்க வெளியே இழுத்துத் துடைத்து, மரைன் கிரீஸ் தடவி உள்ளே விடுங்கள். பழைய கிரீஸ் கறுப்பாக, மினுமினுப்பாக இருந்தால் உலோகத் தூள் கலந்திருக்கிறது, எங்கோ உரசுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அதைச் செய்துவிட்டு அதே 440-ஐ அதே நேரம் ஓட்டி, சார்ஜர் எண்ணை மறுபடி எழுதி வையுங்கள். ப்ராப்பையும் ஸ்ட்ரட்டையும் அன்றைக்குத் தொடாதீர்கள்.